மூன்று தடவை எரிந்த கரி

சாம்பல் வாத்தியாருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதற்கு முன்னால் அங்கே துடைப்பமும் வாளியும் வைத்திருந்தார்கள். நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். பார்க்க வருகிறவர்கள் இடித்துக்கொண்டு 'அம்மா' என்பார்கள். அவர் பழக்கத்தில் குனிந்தபடியே எழுவார். நாளடைவில் வெளி இடங்களிலும் அப்படியே எழ ஆரம்பித்துவிட்டார். மேலதிகாரிகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அவர் படித்தது பொருளாதாரம். ஆராய்ந்தது, பழைய காலத்து மக்கள் எதை எரித்தார்கள், எவ்வளவு எரித்தார்கள், அந்தப் புகையால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதை. இது எந்தத் துறையில் சேரும் என்று பல்கலைக்கழகத்துக்குப் பிடிபடவே இல்லை. பொருளாதாரத் துறைத் தலைவர், "இதெல்லாம் வரலாறு" என்றார். வரலாற்றுத் துறைத் தலைவர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்து, "ஐயோ, இதுல எண்ணெல்லாம் இருக்கே" என்று பயந்து திருப்பிக் கொடுத்தார். சுற்றுச்சூழல் துறை, கரி சமாசாரமெல்லாம் எரிசக்தித் துறையில் கேளுங்கள் என்றது. எரிசக்தித் துறையோ, எங்களுக்கு வருங்காலம்தான் வேலை, பழங்கதைக்கு ஆள் இல்லை என்று கையை விரித்தது. இப்படிப் பதினெட்டு வருஷம் நாலு வீட்டுப் பிள்ளையாக இருந்து, நாலு வீட்டிலும் சாப்பாடு இல்லாமல், உதவிப் பேராசிரியராகவே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது.

பிறகுதான் அந்தக் கட்டுரை வந்தது.

நகரத்தின் தென்கோடியில் நூறு வருஷத்துக்கு முன்னால் கரியை எரித்து மின்சாரம் எடுக்கிற ஒரு உலை இருந்தது. அது தின்ற நிலக்கரி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் தவிக்கவும் இல்லை. நம் வாத்தியார் ஒருவர்தான் தவித்தார். துறைமுகத்தில் போய்ப் பழைய பதிவுகளைத் தூசி தட்டினார். கிடங்குப் பதிவுகளைப் பார்த்தார். உலையின் பதிவுகளையும் பார்த்தார். மூன்றையும் கூட்டி, இன்றைக்கு நகரம் முழுவதும் எரிக்கிற கரியைப் போல மூன்று மடங்கை அந்த ஒரே உலை அன்றைக்கு எரித்தது என்று எழுதிவிட்டார்.

அவ்வளவுதான், உலகம் பிடித்துக்கொண்டது! புகை விடுகிற கம்பெனிகளுக்கெல்லாம் இப்படி ஒரு செய்தி எத்தனை காலமாகத் தேவைப்பட்டிருக்கிறது, பாவம். 'நம் முன்னோரைவிட நாம் எவ்வளவோ சுத்தம்' என்று தலைப்புப் போட்டார்கள். புகையைக் குறைப்பது எப்படி என்று பேச வாத்தியாரை விமானத்தில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து பார்த்தால், மாடிப்படிக்கு அடியில் அவர் அறைக் கதவில் நாலு துறையும் ஆளுக்கொரு பலகை மாட்டியிருந்தன. பலகைகள் பெரியவை, கதவு சின்னது. கைப்பிடி எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

எரிசக்திச் சிக்கன வாரம் வந்தது. பெரிய அரங்கத்தில் குளிர்சாதனம் உச்சத்தில் ஓட, எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துணைவேந்தர் கழுத்தில் மப்ளரோடு எழுந்து பேசினார்.

"நாம் எதுவுமே செய்யாமல் மாசில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிட்டோம் என்று நம் வாத்தியார் நிரூபித்திருக்கிறார். எதுவும் செய்யாமல் இருப்பதில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. அது இத்தனை பயனுள்ளது என்று இதுவரை நமக்கே தெரியாமல் போய்விட்டது. அந்தப் பாரம்பரியத்தை அடுத்த தலைமுறைக்கும் கொண்டுசெல்ல, 'ஏற்கெனவே குறைந்துவிட்ட மாசு ஆராய்ச்சி மையம்' இன்றே தொடங்கப்படுகிறது."

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. குளிருக்கு அது இதமாகவும் இருந்தது.

மையத்துக்கு ஒரு இயக்குநர் வந்தார். வாத்தியாரிடம் முன்பு ஆராய்ச்சி செய்தவர், கெட்டிக்காரர், கட்டுரையின் தலைப்பை மனப்பாடமாகச் சொல்வார். வாத்தியாருக்கு ஒரு புது ஆராய்ச்சி கொடுத்தார்கள். அத்தனை கரி எரிந்ததே, அத்தனை சாம்பலும் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சியில்தான் அவருக்குச் 'சாம்பல் வாத்தியார்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. தென்கோடி முழுக்கத் துளை போட்டுப் பார்த்தார். ஆற்றுப்படுகையைக் கிண்டினார். கிழவர்களைக் கேட்டார். கொஞ்சம் சாம்பல் கிடைத்தது. மீதி, ஊரையே மூடியிருக்க வேண்டிய அளவு சாம்பல், எங்கேயும் இல்லை.

"சாம்பல் கிடைக்கலைன்னா அறிக்கையில அதையும் சாதனையா எழுதிடலாம் சார்" என்றார் இயக்குநர். "மாசு அந்த அளவுக்குக் குறைஞ்சிருக்கு."

வாத்தியார் எழுதவில்லை. பழைய பதிவுகளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துறைமுகத்தில் இறங்கிய கரிதான் கிடங்குக்குப் போயிருக்கிறது. கிடங்கிலிருந்த கரிதான் உலைக்குப் போயிருக்கிறது. ஒரே கரியை மூன்று வாசலில் நின்று எண்ணிவிட்டு, மூன்றையும் கூட்டித் தொலைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் வருவதையும், படியேறுவதையும், வீட்டுக்குள் நுழைவதையும் பார்த்துவிட்டு மூன்று பேர் வந்தார்கள் என்று சொல்வதற்குப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

உண்மைக் கணக்குப்படி அன்றைக்கு எரிந்ததும் இன்றைக்கு எரிவதும் ஒன்றுதான். யாரும் எதையும் குறைக்கவில்லை. அவர் சட்டென்று எழுந்தார், தலை இடித்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அக்கா போன் பண்ணினாள். தென்கோடியில் தையல் கடை வைத்திருக்கிறவள். கணவர் இல்லை, மகளோடும் பேத்தியோடும் கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறாள்.

"டேய் தம்பி, எங்க வேலி ஓரமா நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கடா. பழைய உலை இருந்த இடத்துலயே புதுசா கரி உலை வைக்கப் போறாங்களாம். கீழ உன் பேரு போட்டிருக்கு."

"என் பேரா?"

"உன் பேருதான், பட்டமெல்லாம் போட்டு. அந்தக் காலத்துல எரிச்சதுல பாதிதான் இப்ப எரிக்கப் போறாங்களாம். அதனால இது புகையைக் கூட்டுற உலை இல்லையாம், குறைக்கிற உலையாம். நீ சொன்னதா போட்டிருக்கு."

"நான் உலையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலைக்கா."

"எனக்கு என்னடா தெரியும்? குட்டிக்கு இப்பவே மூச்சு இழுக்குது. பக்கத்துத் தெருவுல குப்பையைக் கொளுத்தினாலே மாஸ்க்கை மாட்டி மருந்து மெஷினை ஓட விட வேண்டியிருக்கு. நீ படிச்சவன், யோசிச்சுத்தான் எழுதியிருப்பேன்னு பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்."

வாத்தியார் போனை வைத்தார். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அக்கா பேத்தி 'சின்னத் தாத்தா' என்று ஓடி வந்து மடியில் ஏறினால், அதன் நெஞ்சு பூனைக்குட்டி மாதிரி கரகரவென்று இரைவது அவர் கைக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பதிவாளர் முன்னால் போய் நின்றார். கட்டுரையில் தப்பு இருக்கிறது, திருத்தம் வெளியிட வேண்டும் என்றார். பதிவாளர் விதி தெரிந்தவர். அவருக்கு வேறு எதுவும் தெரியாததால் விதி மிக நன்றாகத் தெரியும்.

"திருத்தம்னா, தப்பு இருக்கிற கட்டுரைக்குத்தான் சார் போட முடியும். உங்க கட்டுரையில தப்பே இல்லைன்னு மூணு கமிட்டி தீர்மானம் போட்டிருக்கு."

"அந்த மூணு கமிட்டியும் கட்டுரையைப் படிச்சாங்களா?"

"படிச்சிருந்தா தப்பு தெரிஞ்சிருக்குமே சார்! அவங்க அந்த அளவுக்கெல்லாம் போகலை." பதிவாளர் குரலைத் தாழ்த்தினார். "அதோட, உங்க புரொமோஷன் ஃபைல் இப்பத்தான் மேல போயிருக்கு. முழுப் பேராசிரியர், மாடியில ஜன்னல் வச்ச ரூம். ஜன்னல் சார்! இந்த நேரத்துல எதுக்கு?"

வாத்தியார் விடவில்லை. நாலு துறைத் தலைவர்களையும் ஒன்றாகக் கூட்டினார்கள். கதவில் இருந்த பலகைகள் முந்தின நாளே காணாமல் போயிருந்தன.

"கூட்டலை நான் சரிபார்த்துட்டேன், ரொம்பச் சரியா இருக்கு" என்றார் பொருளாதாரத் தலைவர். "எது எதைக் கூட்டினீங்கங்கறது எங்க துறை இல்லை."

"மூணு இடத்துலயும் கரின்னு எழுதி வச்சிருக்காங்க. எழுதினது நடந்தது. நடந்ததை நாங்க மாத்தறதில்லை" என்றார் வரலாற்றுத் தலைவர்.

சுற்றுச்சூழல் தலைவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "அந்த ரெண்டு பங்கு மாசையும் எங்க துறைதான் குறைச்சதுன்னு சொல்லி விருது வாங்கிட்டோம் சார். இப்ப மாசே இருந்ததில்லைன்னா, நாங்க எதைக் குறைச்சோம்னு கேக்க மாட்டாங்களா?"

எரிசக்தித் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உலைக்கு டிசைன் முடிஞ்சாச்சு. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். உலையைக் கட்டி முடிச்சு ஓட விட்டதுக்கு அப்புறம் திருத்தத்தைப் போடுங்க. அப்ப யாருக்கும் தொந்தரவு இருக்காது."

துணைவேந்தர் தனியாகக் கூப்பிட்டு அன்பாகப் பேசினார். "எழுநூறு கட்டுரைங்க உங்க கட்டுரையை ஆதாரம் காட்டியிருக்கு. எழுநூறு பேரும் தப்பா இருக்க முடியுமா?"

"அவங்க எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் சார் எழுதினாங்க."

"அப்ப இனிமே நீங்க அவங்களைப் பார்த்து எழுதுங்க."

வாத்தியார் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு நேரடியாக எழுதிப் பார்த்தார். பல்கலைக்கழகம் அனுப்பினால்தான் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம், எழுதியவர்களே திருத்தக் கிளம்பிவிட்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. உலையைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் தென்கோடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஒரு அதிகாரி, பக்கத்தில் உலைக் கம்பெனி மேலாளர், அவர் பக்கத்தில் நிபுணர் என்ற அட்டைக்குப் பின்னால் மையத்து இயக்குநர். வாத்தியார் எழுந்தார்.

"அந்தக் கட்டுரை தப்புங்க. ஒரே கரியை மூணு தடவை கணக்குல எடுத்திருக்கு. இந்தப் புது உலை, பழைய உலையைவிட ஒன்றரை மடங்கு எரிக்கும்."

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"அதை எழுதினவன்தான்."

"அப்ப உங்க கருத்து ஏற்கெனவே பதிவாயிடுச்சு. ஒருத்தருக்கு ஒரு கருத்துதான். உக்காருங்க."

"அது தப்புன்னுதானே சொல்றேன்!"

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். கோபத்தில் அவர் குரல் நடுங்கியது. "எங்க வாத்தியாரோட நேர்மையை இதுவரைக்கும் யாரும் இப்படிப் பொது இடத்துல சந்தேகப்பட்டதில்லை. பொறாமைதான், வேற என்ன? சார், நீங்க அவரோட முறையைச் சரியாப் புரிஞ்சுக்கலை. கட்டுரையை இன்னொரு தடவை நிதானமாப் படிங்க."

கூட்டம் கைதட்டியது. கம்பெனி மேலாளர் எழுந்து, அப்படிப்பட்ட வாத்தியாருக்குத் தங்கள் உலையின் வாசலில் ஒரு சிலை வைப்பதாக அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். வெளியே வரும்போது அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேத்தி அவள் தோளில் இருமிக்கொண்டிருந்தது.

"என்னடா இது? நீ எழுதின கட்டுரைக்கு இருக்கிற மரியாதை உனக்கு இல்லையேடா" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது கடிதம் காத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் மதிப்புக்குரிய ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பொதுக்கூட்டத்தில் அவமதித்ததாக அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை. கூடவே இன்னொரு கடிதம். தங்களை ஒருவர் பொதுக்கூட்டத்தில் அவமதித்ததை அறிந்து பல்கலைக்கழகம் மிகவும் வருந்துகிறது, தாங்கள் மனம் தளர வேண்டாம், விசாரணைக்கு வந்து ஒத்துழைக்கவும் என்று இருந்தது. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே நேரம், ஒரே அறை.

விசாரணை அறையில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வலப்பக்கம் பாதிக்கப்பட்டவருக்கு. வலப்பக்க நாற்காலியில் மெத்தை இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் துணைவேந்தர், பதிவாளர், நாலு துறைத் தலைவர்கள். முதலில் குற்றவாளியை விசாரித்தார்கள்.

"அந்த வாத்தியார் மேல உங்களுக்கு முன்விரோதம் ஏதாவது உண்டா?"

"கிடையாது சார். ஆனா இப்ப கொஞ்ச நாளா அவரைக் கண்டா எனக்குப் பிடிக்கலை."

"ஒத்துக்கிட்டார், குறிச்சுக்கங்க" என்றார் துணைவேந்தர்.

பிறகு மரியாதையாக எழுந்து வலப்பக்கம் மாறி உட்காரச் சொன்னார்கள். ஏவலாளர் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். இந்தச் சம்பவத்தால் தூக்கம் கெட்டதா, சாப்பாடு இறங்குகிறதா என்றெல்லாம் பரிவோடு விசாரித்தார்கள். தூக்கமே இல்லை என்று வாத்தியார் உண்மையைச் சொன்னார். நாலு துறைத் தலைவர்களும் காலியாக இருந்த இடப்பக்க நாற்காலியை வெறுப்போடு பார்த்தார்கள். ஒரு குறுக்குக் கேள்விக்காக மறுபடி இடப்பக்கம் வரச் சொன்னபோது, டீயைக் கையோடு எடுத்துப் போனார். அது குற்றவாளிக்குக் கிடையாது என்று ஏவலாளர் வாங்கி வைத்துவிட்டார்.

தீர்ப்பு மென்மையாகவே இருந்தது. குற்றவாளி பாதிக்கப்பட்டவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பெருந்தன்மையோடு ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எல்லாம் முடிந்தது. கட்டுரையைப் பற்றி யாருக்கும் எந்தச் சர்ச்சையும் இல்லை என்று பல்கலைக்கழகம் சான்றிதழ் கொடுக்கும். கம்பெனி மேலாளர் அதற்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அந்தச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால் உலைக்கு அனுமதி. வாத்தியாருக்குப் பேராசிரியர் பதவி.

"சாவியைக்கூடக் கொண்டு வந்துட்டேன் சார்" என்று பதிவாளர் மாடி அறைச் சாவியை மேஜையில் வைத்தார்.

வாத்தியார் இடப்பக்கம் உட்கார்ந்து, பதிவாளர் சொல்லச் சொல்ல மன்னிப்புக் கடிதம் எழுதினார். நான் தங்கள் கட்டுரையைத் தப்பு என்றது தப்பு, அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன் என்று எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். பதிவாளர் கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

வாத்தியார் அதைப் படித்தார். கட்டுரை எழுதிய நாட்கள் ஞாபகம் வந்தன. மூன்று பதிவிலும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததை அந்த மனுஷன் அன்றைக்கே கவனித்தான். இதென்ன ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றக்கூடச் செய்தது. கூட்டினால் வருகிற பெரிய எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த நிமிஷத்தைத் தள்ளிவிட்டு, கடகடவென்று எழுதி அனுப்பிவிட்டான். அவருக்கு அவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"ஏத்துக்கறீங்களா சார்?" என்றார் பதிவாளர், பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்து.

"ஏத்துக்க மாட்டேன்."

"சார்?"

"அந்த ஆளை நான் மன்னிக்க மாட்டேன்."

 பதிவாளருக்குக் கை தானாக விதிப்புத்தகத்துக்குப் போயிற்று. இப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை, ஆனால் அதற்கும் விதி இருந்தது. அவர் வாசிக்க வாசிக்க அவர் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. பாதிக்கப்பட்டவர் மன்னிப்பை மறுத்தால், தகராறுக்குக் காரணமான கட்டுரையை வரிக்கு வரி வெளியாட்களைக் கொண்டு பகிரங்கமாக விசாரிக்க வேண்டும். அது முடியும்வரை அந்தக் கட்டுரையை யாரும் எந்தக் காரியத்துக்கும் ஆதாரமாகக் காட்டக்கூடாது. மன்னிக்கப்படாத குற்றவாளியை அன்றைக்கே வேலையை விட்டு நீக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் துணைவேந்தர். அவர் நெற்றி வியர்த்திருந்தது. "அவர் நல்ல மனுஷன். இருபது வருஷத்துக்கும் மேலா உங்களோடயே இருக்கறவர்."

"அதனாலதான் சார் சொல்றேன். எனக்கு அவனை நல்லாத் தெரியும். ஜன்னல் வச்ச ரூமைக் காட்டினா திரும்பவும் கூட்டிடுவான்."

"மன்னிக்கவே முடியாத அளவுக்கு உங்களுக்கு அவர் அப்படி என்னதான் பண்ணிட்டார்?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலை சார். எங்க அக்கா பேத்திக்கு மூச்சு இழுக்குது. அதுகிட்ட அவன் கேக்கலையே" என்றார் வாத்தியார். 

பதிவாளர் இரண்டு தாள்களை முன்னால் தள்ளினார். ஒன்று மன்னிப்பை மறுத்ததற்கு, இன்னொன்று வேலைநீக்க உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கு. வாத்தியார் முதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்து இடப்பக்க நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து இரண்டாவதிலும் போட்டுக் கொடுத்தார்.